பங்கு வீட்டை விற்றுப் பிள்ளைகளுக்கு லைசென்ஸ் வாங்கலாமா?

தேவகோட்டைப் பக்கத்திலிருந்து ஓர் ஆச்சி, வழக்கறிஞரான எனக்கு நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டு, சாரத்தை மட்டும் தருகிறேன்.

கணவர் காலமாகிவிட்டார். ஆச்சி வீட்டிலேயே பலகாரம் செய்து விற்கிறார். கல்யாண மாதங்களில் மணகோலமும் சீப்புச்சீடையும் நன்றாகப் போகும், மற்ற மாதங்களில் சுமார்தான். மூத்தவளுக்கு 26 வயது. கல்விக் கடன் வாங்கி விமானி பயிற்சி முடித்து, சி.பி.எல். என்கிற வணிக விமானி உரிமம் பெற்று இரண்டு வருடம் ஆகிறது. கையில் 205 மணி நேரம் பறந்த கணக்கு இருக்கிறது, வேலை இல்லை. வங்கித் தவணை தொடங்கிவிட்டது. இப்போது ஒரு பயிற்சிப் பள்ளி, "இன்னும் சில லட்சம் கட்டுங்கள், ஆறு மாதத்தில் விமானப் பயிற்றுநர் ஆக்கி எங்களிடமே வேலை தருகிறோம்" என்கிறது.

இளையவனுக்கு 21 வயது. வெளியூரில் ஒரு நிறுவனத்தில் இரண்டு வருட விமானப் பராமரிப்புப் பொறியாளர் படிப்பை முடிக்கப்போகிறான். உரிமத்துக்காக அரசின் டி.ஜி.சி.ஏ. நடத்தும் தேர்வில் நான்கு மாட்யூல், அதாவது நான்கு பாடப் பிரிவு, பாக்கி. "சான்றிதழ் கையில் வந்ததும் விமானத்தில் கையெழுத்துப் போடலாம், வளைகுடாவில் உடனே வேலை" என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள். கடைசித் தவணை கட்டாததால் அவனுடைய பிளஸ் டூ மதிப்பெண் சான்றிதழைத் தர மறுக்கிறார்கள். இதற்கிடையில் ஓர் ஏஜெண்ட், ஒன்றரை லட்சம் கொடுத்தால் இரண்டு வருட வேலை அனுபவத்துக்கு முத்திரையோடு லாக்புத்தகம், அதாவது செய்த வேலைகளின் பதிவேடு, போட்டுத் தருகிறேன் என்கிறாராம்.

"பங்காளிகளுக்குப் பொதுவான வளவு வீட்டில் எங்கள் புள்ளிக்கு (குடும்பத்துக்கு) வரும் பங்கைப் பங்காளி ஒருவர் கேட்கிறார், தம்பி. விற்றால் இரண்டு பேருக்கும் வழி பிறக்கும். வள்ளல் அழகப்பர் அந்தக் காலத்திலேயே விமானம் ஓட்டக் கற்றவர், விமானக் கம்பெனியும் நடத்தியவர் என்று சொல்லித்தான் இவர்கள் அப்பச்சி (அப்பா) இரண்டு பேரையும் வளர்த்தார். அவர் ஆசையை நான் பாதியில் விட்டுவிடக் கூடாது. அந்த லாக்புத்தகம் எல்லோரும் செய்வதுதானாமே?" என்று முடித்திருக்கிறார்.

ஆச்சி, உங்கள் குழப்பம் எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றுதான். உங்களிடம் பணம் கேட்கிற மூன்று பேருமே உரிமத்தைத் தாங்களே தருவதுபோலப் பேசியிருக்கிறார்கள். இந்தியாவில் விமானம் ஓட்டவும், ஓட்டக் கற்றுக்கொடுக்கவும், பழுது பார்த்து "இது பறக்கலாம்" என்று கையெழுத்துப் போடவும் உரிமம் தருகிற இடம் டெல்லியில் இருக்கும் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் ஒன்றுதான். டி.ஜி.சி.ஏ. என்பது அதைத்தான். 1934-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2025 ஜனவரி 1 முதல் பாரதிய வாயுயான் அதினியம் நடப்புக்கு வந்திருக்கிறது. விமானிகளுக்கும் பயிற்றுநர்களுக்கும் வேண்டிய தகுதிகள் 1937-ஆம் ஆண்டு விமான விதிகளின் இரண்டாம் அட்டவணையில் இருக்கின்றன. பராமரிப்புப் பொறியாளர் உரிமத்துக்கு சி.ஏ.ஆர். 66 என்ற விதித்தொகுப்பு, அந்தப் படிப்பை நடத்தும் நிறுவனங்களுக்கு சி.ஏ.ஆர். 147. பள்ளியும் கல்லூரியும் பிள்ளைகளை அந்த வாசல்வரை கூட்டிப் போகலாம். கதவைத் திறப்பது அவர்கள் கையில் இல்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

மகள் பயிற்றுநர் ஆக முடியுமா?

முடியும். வணிக விமானி உரிமம் இருப்பவர் அதற்கு விண்ணப்பிக்கக்கூடியவர்தான். ஆனால் அந்த உரிமம் இருப்பதாலேயே ஒருவர் கற்றுக்கொடுத்துவிட முடியாது. அதன் மேல் தனியாக ஒரு ரேட்டிங், அதாவது கூடுதல் தகுதி, வாங்க வேண்டும், அதுவும் இரண்டு படியாக. முதல் படி துணை விமானப் பயிற்றுநர், பள்ளிகளில் ஏ.எஃப்.ஐ. என்பார்கள். அடுத்தது முழு விமானப் பயிற்றுநர், எஃப்.ஐ. துணைப் பயிற்றுநர் முழுப் பயிற்றுநரின் மேற்பார்வையில்தான் வேலை பார்க்கலாம். ஒரு மாணவரை முதன்முதலாகத் தனியே பறக்க அனுப்பும் முடிவு முழுப் பயிற்றுநருடையது. ஆகவே "ஆறு மாதத்தில் பயிற்றுநர்" என்று அவர்கள் சொன்னால் எந்தப் படியைச் சொல்கிறார்கள் என்று கேளுங்கள். பெரும்பாலும் முதல் படியாகத்தான் இருக்கும். சம்பளமும் அந்தப் படிக்கு உரியதாகத்தான் இருக்கும்.

இந்தப் பயிற்சியில் என்ன இருக்கிறது என்று உங்கள் மகளுக்குத் தெரிந்திருக்கும், நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள். இதுவரை இடது இருக்கையில் உட்கார்ந்து ஓட்டியவர், இனி வலது இருக்கையிலிருந்து ஓட்ட வேண்டும். ஓட்டிக்கொண்டே, கை செய்வதை வாய் அதே நொடியில் மாணவருக்கு விளக்க வேண்டும். மாணவர் தப்பு செய்யும்போது எவ்வளவு தூரம் விடலாம், எந்த இடத்தில் "என் கட்டுப்பாடு" என்று சொல்லி வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதுதான் இதில் கடினமான பாடம். உலக நாடுகளுக்குப் பொதுவான ஐ.சி.ஏ.ஓ. விதிகளின் முதல் இணைப்பு, பயிற்றுநர் ஆக விரும்புபவர் பாடத் திட்டம் வகுக்கவும், மாணவரின் தவறுகளை அலசித் திருத்தவும், எஞ்சின் கோளாறு போன்றவற்றைப் பயிற்சிக்காகப் பாவனை செய்து காட்டுவதில் உள்ள ஆபத்தை அறியவும் வேண்டும் என்று தனித்தனியாகக் கேட்கிறது. நன்றாக ஓட்டுகிற எல்லோருக்கும் இது வந்துவிடாது. பொறுமையும் வேண்டும், பேசவும் வர வேண்டும். உங்கள் மகளுக்கு அது இருக்கிறதா என்பதை அவரிடமே கேளுங்கள். வேலை கிடைக்கவில்லையே என்பதற்காக மட்டும் இந்தப் பக்கம் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இதில் லாபமும் உண்டு. பயிற்றுநராகப் பறக்கும் நேரம் அவருடைய கணக்கில் ஏறும். ஏர்லைனில் கேப்டன் ஆவதற்கு வேண்டிய ஏ.டி.பி.எல். உரிமத்துக்கு 1500 மணி நேரம் கேட்கிறார்கள். 205 மணி நேரத்தோடு வீட்டில் உட்கார்ந்திருப்பதைவிட, சம்பளம் வாங்கிக்கொண்டே மணி நேரம் சேர்ப்பது நல்ல வழி. இன்னொரு வழி, ஏர்பஸ் ஏ320 போன்ற ஒரு விமானத்துக்கு டைப் ரேட்டிங், அதாவது அந்த வகைக்கு மட்டுமான தனித் தகுதி, எடுப்பது. அதற்கும் பல லட்சம் ஆகும், எடுத்த பிறகும் ஏர்லைன் கூப்பிடும் என்பது உறுதியில்லை. கடனில் இருக்கிற வீட்டுக்கு இன்றைக்கு அது சரிப்பட்டு வராது என்பது என் கருத்து.

பணம் கட்டுவதற்கு முன் மகள் செய்ய வேண்டியது இது. வகுப்பு 1 மருத்துவச் சான்று அவர் வயதில் 12 மாதம்தான் செல்லும். இடையில் புதுப்பிக்கவில்லை என்றால் அது காலாவதி ஆகியிருக்கும். முதல் செலவு அதைப் புதுப்பிப்பதாக இருக்கட்டும். அதில் ஏதாவது சிக்கல் என்றால் மற்ற எந்தச் செலவுக்கும் அர்த்தமில்லை. அப்புறம், 205 மணி நேரம் என்பது மொத்தக் கணக்கு. அதில் பயிற்றுநர் கூட இல்லாமல் தன் பொறுப்பில் பறந்தது எவ்வளவு, ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்கு வழிகண்டு பறந்தது எவ்வளவு, இரவில் எவ்வளவு என்று தனித்தனியாகப் பார்க்க வேண்டும். இரண்டாம் அட்டவணையில் துணைப் பயிற்றுநருக்கான பகுதியைப் பக்கத்தில் வைத்து லாக்புத்தகத்தை வரிவரியாக ஒப்பிடச் சொல்லுங்கள். குறைகிற மணி நேரத்துக்கான கட்டணம் பள்ளி சொன்ன தொகைக்குள் அடங்குமா, மேலே தனியாக வருமா என்பது அப்போதுதான் தெரியும்.

பள்ளியிடம் மூன்று விஷயத்தை எழுத்தில் கேளுங்கள். பயிற்றுநர் பயிற்சி நடத்த அவர்களுக்கு டி.ஜி.சி.ஏ. அங்கீகாரம் இருக்கிறதா, எந்தத் தேதிவரை? பறக்கும் நிலையில் எத்தனை விமானம், எத்தனை மாணவர்? பாதியில் நின்றால் பணம் எவ்வளவு திரும்பி வரும்? விமானம் பழுதாகி மாதக்கணக்கில் நிற்கும் பள்ளிகளில்தான் ஆறு மாதம் ஒன்றரை வருடமாகிறது. டி.ஜி.சி.ஏ. 2025 முதல் பயிற்சிப் பள்ளிகளைத் தரம் பிரித்துப் பட்டியல் வெளியிடுகிறது. அதில் அந்தப் பள்ளி எங்கே இருக்கிறது என்று மகள் பார்க்கட்டும். "எங்களிடமே வேலை" என்பதும் நியமனக் கடிதமாக வர வேண்டும். வாய் வார்த்தையை வைத்துக்கொண்டு என்னால் எந்த மன்றத்திலும் வாதாட முடியாது.

மகன் கையில் வரப்போவது எது?

படிப்பு முடித்த சான்றிதழ். அது உரிமம் இல்லை, ஆச்சி. அதற்கும் விமானத்தில் கையெழுத்துப் போடுவதற்கும் நடுவே இன்னும் நான்கு படி இருக்கிறது.

முதலில் மாட்யூல் தேர்வுகள். டி.ஜி.சி.ஏ. நடத்தும் இந்தத் தேர்வுகளில் ஒவ்வொன்றிலும் 75 சதவீதம் எடுத்தால்தான் தேர்ச்சி. 74 எடுத்தாலும் மறுபடி எழுத வேண்டும். இரண்டாவது, பறந்துகொண்டிருக்கும் விமானங்களில் நேரடிப் பராமரிப்பு அனுபவம். ஜெட் விமானங்களுக்கான பி1.1 பிரிவுக்கும், மின்னணுக் கருவிகளுக்கான பி2 பிரிவுக்கும், சி.ஏ.ஆர். 147 அங்கீகாரம் பெற்ற படிப்பை முடித்திருந்தால் 2 வருடம். அப்படிப்பட்ட படிப்போ தொடர்புள்ள தொழிற்பயிற்சியோ இல்லாதவருக்கு 5 வருடம். பிஸ்டன் எஞ்சின் சிறு விமானங்களுக்கான பி1.2 என்றால், அங்கீகரித்த படிப்புக்குப் பிறகு 1 வருடம் போதும். இதெல்லாம் முடிந்த பிறகுதான் மூன்றாவதாக உரிமம் வரும். நான்காவதாக, எந்த விமானத்தில் வேலை செய்கிறானோ அந்த வகைக்கு டைப் ரேட்டிங், அதோடு வேலை பார்க்கும் பராமரிப்பு நிறுவனத்தின் எழுத்துப்பூர்வ அதிகாரம். இந்த இரண்டும் இல்லாமல் பெரிய விமானம் எதையும் அவன் பறக்க விடுவிக்க முடியாது.

இங்கே இன்னொரு விஷயத்தைச் சரிபார்க்க வேண்டும். நிறுவனத்துக்கு அங்கீகாரம் இருக்கிறது என்பது மட்டும் போதாது. அங்கீகாரம் பிரிவுவாரியாகத் தரப்படுகிறது. ஒரு பிரிவுக்கு வாங்கிவிட்டு எல்லாப் பிரிவுக்கும் ஆள் சேர்ப்பவர்கள் உண்டு. மகன் படித்த பிரிவு, அவன் படித்த காலம் முழுவதும் அங்கீகாரத்துக்குள் இருந்ததா என்பதைப் பொறுத்துத்தான் அவனுக்கு இரண்டு வருடமா, ஐந்து வருடமா என்பது முடிவாகும். டி.ஜி.சி.ஏ. தளத்தில் பட்டியல் இருக்கிறது. இதை இன்றைக்கே பார்க்கச் சொல்லுங்கள்.

திருச்சி விமான நிலையத்தில் தரைச்சேவைக் கம்பெனியில் சேர்ந்தால் அந்தக் காலம் அனுபவமாகக் கணக்கில் வருமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வராது. பெட்டி ஏற்றுவதும் ஏணி வைப்பதும் மரியாதையான வேலைதான், ஆனால் அது பராமரிப்பு இல்லை. சக்கரம் மாற்றியது, எஞ்சினை உள்நோக்கிப் பார்த்தது, பழுது கண்டுபிடித்தது என்று ஒவ்வொரு வேலையும் தேதியோடும் விமானப் பதிவெண்ணோடும் எழுதப்பட்டு, உடனிருந்த உரிமம் பெற்ற பொறியாளரின் கையெழுத்தோடு இருக்க வேண்டும். வளைகுடா பற்றிச் சொன்னதும் அப்படித்தான். அந்த நாடுகளுக்குத் தனித்தனி விமான ஆணையம் இருக்கிறது, நம் உரிமம் அங்கே தானாகச் செல்லாது. உரிமமே இல்லாமல் போனால் உதவியாள் வேலைதான் கிடைக்கும்.

மகன் போக வேண்டிய இடம் பராமரிப்புக் கூடங்கள். ஓசூர், ஹைதராபாத், நாக்பூர், திருவனந்தபுரம் போன்ற இடங்களில் இருக்கின்றன. பயிற்சி டெக்னீஷியனாகச் சேர்ந்தால் ஆரம்பச் சம்பளம் குறைவுதான். ஆனால் ஒவ்வொரு நாளும் அவனுடைய அனுபவத்தில் சேரும். அங்கே பாண்ட் எழுதி வாங்குவார்கள். இத்தனை வருடம் இருப்பேன், இல்லையென்றால் இவ்வளவு தருவேன் என்கிற பாண்ட் நியாயமான தொகையாக இருந்தால் செல்லும். ஒரு வங்கி ஊழியர் வழக்கில் 2 லட்ச ரூபாய் பாண்டை உச்ச நீதிமன்றம் 2025-இல் ஏற்றிருக்கிறது. அதனால் படிக்காமல் கையெழுத்துப் போட வேண்டாம். அசல் சான்றிதழ்களையும் ஈடாகக் கொடுக்க வேண்டாம்.

அந்த லாக்புத்தகம்

"எல்லோரும் செய்வதுதானாமே" என்று எழுதியிருக்கிறீர்கள். எல்லோரும் செய்வதில்லை. செய்தவர்கள் சிக்கியிருக்கிறார்கள். 2011-இல் போலி மதிப்பெண் பட்டியல் கொடுத்து உரிமம் வாங்கிய விமானிகள் நாடெங்கும் பிடிபட்டுக் கைதானார்கள், உரிமமும் போனது. லாக்புத்தகத்தில் சொல்லப்படும் விமானம் அந்தத் தேதியில் எந்தக் கூடத்தில் நின்றது, யார் வேலை பார்த்தார்கள் என்பதற்குப் பராமரிப்புக் கூடத்திலேயே தனிப் பதிவு இருக்கும். இரண்டையும் ஒப்பிட்டால் போதும். போலி ஆவணம் தயாரிப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 336-ஆவது பிரிவில் குற்றம். தெரிந்தே அதை உண்மைபோலப் பயன்படுத்துவது 340-ஆவது பிரிவு. ஏஜெண்ட் பெயர் எந்தக் காகிதத்திலும் இருக்காது. கையெழுத்து உங்கள் மகனுடையது.

வழக்கறிஞராகச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். ஆனால் தண்டனை மட்டும்தான் காரணம் என்று நினைத்துவிடாதீர்கள். 1990 ஜூனில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் ஒன்று 17,000 அடி உயரத்தைத் தாண்டும்போது கேப்டன் பக்கத்து முன்கண்ணாடி பிய்த்துக்கொண்டு போனது. கேப்டன் பாதி உடல் வெளியே இழுக்கப்பட்டார். ஊழியர்கள் அவர் காலைப் பிடித்துக்கொள்ள, துணை விமானி இறக்கினார். எல்லோரும் பிழைத்தார்கள். முதல் நாள் அதிகாலையில் அந்தக் கண்ணாடியை மாற்றியபோது போட்ட 90 போல்ட்டுகளில் 84 போல்ட்டுகளின் விட்டம் தேவையானதைவிடச் சற்றுக் குறைவு. கண்ணால் பார்த்தால் வித்தியாசம் தெரியாத அளவுதான். மாற்றியவர் புதியவர் அல்ல, பல வருட அனுபவம் உள்ளவர். அனுபவம் உள்ள கைக்கே இப்படி நேரும் என்பதால்தான் மனிதக் காரணிகள் என்று மாட்யூல் 9-ஐ வைத்திருக்கிறார்கள். இரண்டு வருடம் வேலையே பார்க்காமல் பார்த்ததாக எழுதிக்கொண்டு வருகிற ஒருவனிடம் அந்த ஸ்பானரைக் கொடுப்பதை நினைத்துப் பாருங்கள், ஆச்சி. அந்த விமானத்தை ஓட்டுவது உங்கள் மகளாகவும் இருக்கலாம். ஏஜெண்டின் எண்ணை மகன் இன்றே தடை செய்யட்டும்.

பிடித்து வைத்திருக்கும் சான்றிதழ்

கட்டணப் பாக்கிக்காகச் சான்றிதழைப் பிடித்து வைக்கும் உரிமை கல்வி நிறுவனத்துக்குக் கிடையாது. சான்றிதழ் விற்கக்கூடிய சரக்கு இல்லை, அதன் மேல் ஈட்டுரிமை கொண்டாட முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. பாக்கி உண்மையானால் அதை வசூலிக்க அவர்களுக்கு வேறு சட்ட வழி இருக்கிறது. நீங்களும் பாக்கியை மறுக்க வேண்டாம். தவணையில் கட்டுகிறேன் என்று எழுதிவிட்டு, சான்றிதழைத் தனியாகக் கேளுங்கள்.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா என்றால், கல்வி நிறுவனங்கள் அந்தச் சட்டத்துக்குள் வருமா என்ற கேள்வியே உச்ச நீதிமன்றத்தில் விவாதத்துக்கு உள்ளான ஒன்று. அதனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். ஆனால் "முடித்ததும் கையெழுத்துப் போடலாம்" என்று விளம்பரம் செய்த துண்டுப் பிரசுரம், வாட்ஸாப் செய்தி, ரசீது எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே, சிவகங்கையிலேயே, புகார் கொடுக்கலாம். கால வரம்பு 2 வருடம்.

வீடு

அந்தப் பங்கை நீங்கள் தனியாக விற்க முடியாது. உயில் இல்லாமல் கணவர் போயிருந்தால், அவருடைய பங்கில் உங்களுக்கும் மகளுக்கும் மகனுக்கும் உரிமை உண்டு. மூன்று பேரும் கையெழுத்துப் போட வேண்டும். "மகளுக்குக் கட்டிக்கொடுக்கும்போது செய்வோம், இப்போது அவள் எதற்கு" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பிரிக்காத குடும்ப வீட்டில் வெளியாள் ஒரு பங்கை வாங்கினாலும் உள்ளே வந்து சேர்ந்து குடியிருக்கும் உரிமை அவருக்கு வராது என்கிறது சொத்து மாற்றச் சட்டத்தின் 44-ஆவது பிரிவு. வெளியார் வாங்கத் தயங்குவதற்கு அது ஒரு காரணம். பங்காளிகள் குறைந்த விலைக்குக் கேட்பதற்கும் அதுவே காரணம். அவசரம் என்று தெரிந்தால் விலை இன்னும் இறங்கும்.

இப்போது விற்க வேண்டாம் என்பது என் ஆலோசனை. நான் மேலே சொன்னபடி பார்த்தால் உடனடிச் செலவு மருத்துவப் பரிசோதனை, நான்கு மாட்யூல் தேர்வுக் கட்டணம், மகனின் பாக்கித் தவணை. இதற்கு ஒரு வளவு வீட்டின் பங்கு வேண்டியதில்லை. மகன் பயிற்சி டெக்னீஷியனாகச் சேர்ந்துவிட்டால் அவன் செலவு அவனுடையது. மகளின் கடனுக்கு, தவணை தவறி 90 நாள் ஆகி வாராக்கடன் ஆவதற்குள் வங்கிக் கிளைக்குப் போய்த் தவணையை மாற்றி அமைக்கக் கேளுங்கள். அதுவரை மகள் ஏதாவது ஒரு பறக்கும் பள்ளியில் தரைப்பாடம் எடுக்கவோ, விமான அட்டவணைப் பிரிவில் வேலை பார்க்கவோ முயலலாம். கற்றுக்கொடுப்பது தனக்குப் பிடிக்கிறதா என்பதும் காசு செலவழிக்காமல் தெரிந்துவிடும். பயிற்றுநர் பயிற்சிக்கான பணத்தை அதற்குப் பிறகு யோசிப்போம்.

நாளைக்கே செய்ய வேண்டியது மகன் படித்த நிறுவனத்துக்கு ஒரு கடிதம், கிடைத்ததற்கான சான்றோடு ஸ்பீட் போஸ்ட்டில். மகன் பெயர், சேர்ந்த தேதி, கட்டிய தொகை, பாக்கி, அதைக் கட்டப்போகும் தேதிகள், அசல் மதிப்பெண் சான்றிதழை 15 நாளுக்குள் தர வேண்டும் என்ற கோரிக்கை. அவ்வளவு போதும், கோபமான வார்த்தை எதுவும் வேண்டாம். மகனே கையெழுத்திடட்டும், அவன் மேஜர். நகலையும் தபால் ரசீதையும் வைத்துக்கொள்ளுங்கள். 15 நாளில் பதில் வராவிட்டால் சிவகங்கை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு அங்கே வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வழக்கறிஞர் தருவார்கள்.